நீள வீல்பேஸ் 5 சீரிஸ்: பின் சீட்டுக்காகச் செய்த கார்

புதிய பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் நீள வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) காரில், அதாவது 530எல்ஐ-யில், உண்மையில் என்ன மாறியிருக்கிறது, ஓட்டம் எப்படி, கையில் இருக்கும் பழைய 530ஐ-யைக் கொடுத்துவிட்டு இதற்கு மாறலாமா, இல்லை மெர்சிடிஸ் இ-கிளாஸ் பக்கம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாரத்தில் ஐந்து நாள் டிரைவர் ஓட்டுவார், சனி ஞாயிறு நீங்களே ஓட்டுவீர்கள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். என் பதில் அந்தக் கடைசி வரியைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இதுவரை இந்தியாவில் விற்ற 5 சீரிஸ்கள் ஓட்டுபவரை முன்னால் வைத்துச் செய்தவை. இது பின்னால் உட்காருபவரை வைத்துச் செய்தது. பெயர் ஒன்றுதான் என்பதால் பழையதின் அடுத்த பதிப்பு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் வரலாம்.

முதலில் அளவுகள். உலகச் சந்தைக்கான புதிய 5 சீரிஸ் (ஜி60) 2023 மே மாதம் அறிமுகமானது. அதன் நீளம் 5,060 மி.மீ., வீல்பேஸ் 2,995 மி.மீ. சீனாவுக்காக அதை நீட்டிய வடிவம்தான் ஜி68. வலப்பக்க ஸ்டீயரிங்கோடு அது முதலில் வந்த நாடு இந்தியா; 2024 ஜூலை 24 அன்று விற்பனைக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியை ஒட்டி 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூவின் சென்னை ஆலையில்தான் இதை அசெம்பிள் செய்கிறார்கள். நீளம் 5,165 மி.மீ., அகலம் 1,900 மி.மீ., வீல்பேஸ் 3,105 மி.மீ. உங்கள் 530ஐ சேர்ந்த முந்தைய தலைமுறையான ஜி30-யின் வீல்பேஸ் 2,975 மி.மீ. ஆக, உங்கள் காரைவிட இரண்டு அச்சுக்கும் நடுவே 130 மி.மீ. கூடியிருக்கிறது. இதற்கு முந்தைய தலைமுறை 7 சீரிஸின் நீட்டாத வடிவத்துக்கே 3,070 மி.மீ.தான் என்பதோடு ஒப்பிட்டால் கார் எந்த வகுப்புக்கு ஏறியிருக்கிறது என்பது தெரியும்.

உலக வடிவத்தோடு வைத்துப் பார்த்தால் வீல்பேஸ் 110 மி.மீ. கூடியிருக்க, மொத்த நீளம் 105 மி.மீ.தான் கூடியிருக்கிறது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வளரவில்லை. கூடியதெல்லாம் பின் கதவிலும் பின் சீட்டின் கால் இடத்திலும் போயிருக்கிறது. இது நல்லதும் கெட்டதும். நல்லது, ஆறடி ஆள் முன் சீட்டைத் தன் வசதிக்குத் தள்ளி வைத்த பிறகும் பின்னால் கால் மேல் கால் போட இடம் இருக்கும். கெட்டது, நம் வேகத்தடைகளுக்கும் பேஸ்மென்ட் சரிவுகளுக்கும் இந்த நடுப்பகுதிதான் இலக்கு.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மேட்டின் உச்சியில் கார் ஏறும்போது முன் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் மறுபக்கம் என்று நிற்கும் கணத்தில் அடிவயிறு தட்டுமா என்பதை முடிவு செய்வது இரண்டு எண்கள்: தரை இடைவெளி, வீல்பேஸ். கணக்குக்காக இடைவெளியை 145 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2,975 வீல்பேஸுக்கு அந்த உச்சிக் கோணம் ஏறக்குறைய 11.1 டிகிரி வரை தாங்கும், 3,105-க்கு 10.7 டிகிரி. வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் பின்னால் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டிகள் என்று ஏற்றினால் கார் உட்காரும். 25 மி.மீ. இறங்கினாலே அது 8.8 டிகிரிக்கு வந்துவிடும். பேஸ்மென்ட் சரிவு எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால் அது 7.1 டிகிரி, பிரச்சினை இல்லை. ஆறுக்கு ஒன்று என்றால் 9.5 டிகிரி, காலிக் கார் தாண்டும், ஆள் ஏறிய கார் உச்சியில் உரசும். ஐந்துக்கு ஒன்று என்று செங்குத்தாகக் கட்டிய பழைய அடுக்ககச் சரிவுகளில் காலியாகவே உரசும். உங்கள் வீட்டுச் சரிவின் கிடை நீளத்தையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்து வகுத்துப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

வேகத்தடையிலும் இதே கதை. இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி கட்டிய தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. அதில் இந்தக் காரின் நான்கு சக்கரமும் ஏறி நிற்கும்போது நடுவில் இழப்பது 71 மி.மீ.தான், தாராளமாகத் தாண்டும். கஷ்டம், தெருமுனையில் தார் ஊற்றி ஊர்க்காரர்களே போட்ட ஒல்லியான உயரத் தடைகளில். அங்கே தடை முழுவதும் இரண்டு அச்சுக்கு நடுவே வந்து நின்றுவிடும். அவற்றைச் சற்றுச் சாய்வாக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி, பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் தாண்ட வேண்டும். பிரேக் பிடித்தபடி ஏறினால் மூக்கு தாழும், அது வேறு தொல்லை. டிரைவருக்கு முதல் வாரமே இதைச் சொல்லிவிடுங்கள்.

திருப்பத்திலும் பழக்கம் மாற வேண்டும். முன் சக்கரம் ஆறு மீட்டர் ஆரத்தில் வளையும்போது உள்பக்கப் பின் சக்கரம் அதன் தடத்தைவிட உள்ளே வெட்டும் அளவு பழைய காரில் சுமார் 79 செ.மீ.; இதில் 87. அந்த ஏழு எட்டு சென்டிமீட்டரில்தான் கேட் தூணில் பின் கதவும் பின் சக்கரத்தின் அலாயும் கீறுபடும். பார்க்கிங்கைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு காருக்கு ஒதுக்கச் சொல்லியிருப்பது 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். இந்தக் கார் அந்தக் கட்டத்தைவிட 165 மி.மீ. நீளம். பின்னால் சுவர் இருந்தால் மூக்கு நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மெக்கானிக்கல் பார்க்கிங் உள்ள அலுவலகமாக இருந்தால் அதன் பலகையில் போட்டிருக்கும் நீள வரம்பையும் எடை வரம்பையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இனி ஓட்டம். எஞ்சின் 1,998 சிசி நாலு சிலிண்டர் டர்போ பெட்ரோல், பி48 குடும்பம், கூட 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட், அதாவது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன மின்மோட்டார். 258 எச்பி, முறுக்குவிசை 400 என்.எம். எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம். பழைய 530ஐ-யில் 252 எச்பி, 350 என்.எம். காகிதத்தில் எல்லாம் கூடியிருக்கிறது, ஆனால் 0-100 நேரம் மட்டும் பழையதில் 6.1 விநாடி, இதில் 6.5. காரணம் எளிது: உடல் நீண்டதும் எடை கூடியது. நகரத்தில் இந்த 0.4 விநாடி யாருக்கும் தெரியாது. சிக்னலில் கிளம்பும்போது டர்போ மூச்சு இழுக்கும் அந்தச் சின்ன இடைவெளியை 48 வோல்ட் மோட்டார் நிரப்பிவிடுகிறது. எஞ்சின் அணைந்து திரும்ப உயிர்பெறும் போது பழைய காரில் இருந்த குலுக்கலும் இல்லை. நெடுஞ்சாலையில் 80-லிருந்து 120-க்குத் தாவ கியர்பாக்ஸ் இரண்டு மூன்று கியர் இறங்கிக் கொடுக்கும், போதுமான பிக்கப். அழுத்தி மிதித்தால் நாலு சிலிண்டர் சத்தம் உள்ளே கேட்கும். இந்த விலையில் அது சிலருக்கு உறுத்தும்.

வித்தியாசம் தெரிவது வளைவில். சஸ்பென்ஷனை மென்மையின் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மோசமான ரோட்டில் பின்னால் இருப்பவருக்கு இது வரம். ஏற்காட்டுக்கோ குன்னூருக்கோ நீங்களே ஓட்டிப் போகும்போது பழைய 5 சீரிஸ் தரும் அந்த இறுக்கமான பதில் இதில் கிடைக்காது. அலைபோல் ஏறி இறங்கும் ரோட்டில் வேகமாகப் போனால் உடல் ஒரு அசைவு கூடுதலாக அசையும். வார இறுதி ஓட்டம்தான் உங்கள் சந்தோஷம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய 530ஐ-யை இன்னும் இரண்டு மூன்று வருடம் வைத்திருக்கலாம் என்பேன்.

உள்ளே போனால் 12.3 அங்குல மீட்டர் திரையும் 14.9 அங்குல நடுத்திரையும் ஒரே வளைந்த கண்ணாடிக்குப் பின்னால். ஏசி கட்டுப்பாடு முழுக்கத் திரைக்குள் போய்விட்டது. டேஷ்போர்டில் ஓடும் மின்னும் பட்டையில் தொட்டு இயக்கும் சில பொத்தான்கள் உண்டு, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. நல்லவேளையாக நடுவில் இருக்கும் ஐடிரைவ் திருகுக் குமிழை விட்டுவைத்திருக்கிறார்கள். அதைப் பழகிக்கொண்டால் திரையைத் தொடும் தேவையே பாதியாகக் குறையும். கண்ணாடிக் கூரை பெரியது, திறக்காது. நம் மே மாத வெயிலில் திரையை மூடியே வைத்திருப்பீர்கள். 18 ஸ்பீக்கர், 655 வாட் பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் ஆடியோ அருமை.

இ-கிளாஸோடு ஒப்பிடும் இடம் பின் சீட்டுதான். 2024 அக்டோபரில் வந்த புதிய நீள இ-கிளாஸ் 5,092 மி.மீ. நீளம், 3,094 மி.மீ. வீல்பேஸ், டேப்பில் பிஎம்டபிள்யூ ஜெயிக்கிறது. ஆனால் மெர்சிடிஸில் பின் சீட்டின் முதுகு மோட்டாரில் 36 டிகிரி வரை சாயும், தொடைத் தாங்கியும் மோட்டாரில் நீளும். பிஎம்டபிள்யூவில் அந்தச் சாய்வு வசதி கிடையாது. சீட் தானே நல்ல அமைப்பு, முதுகை ஒழுங்காகத் தாங்கும், லேப்டாப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் போக இதுவே மேல். காலையில் திருச்சிக்குப் போய் இரவு திரும்பும் வேலையாக இருந்தால், திரும்பும் வழியில் சாய்ந்து தூங்க இ-கிளாஸ்தான். எஞ்சின் தேர்வும் அங்கேதான் அதிகம். இ200-இல் 204 எச்பி, 320 என்.எம்., இது 530எல்ஐ-யைவிடத் தெளிவாக மந்தம். இ220டி டீசலில் 197 எச்பி, 440 என்.எம். ஆறு சிலிண்டர் இ450, 0-100-ஐ 4.5 விநாடியில் தொடும். அறிமுக விலைகள் எக்ஸ்-ஷோரூமில் முறையே 78.5, 81.5, 92.5 லட்சம், 530எல்ஐ 72.9 லட்சத்துக்கு வந்தது. வருடம் 25,000 கிலோமீட்டருக்கு மேல், அதிலும் பெரும்பகுதி நெடுஞ்சாலை என்றால் டீசல் இ220டி-யைத் தள்ளிவிட முடியாது. அறிமுகத்தின்போது 530எல்ஐ பெட்ரோலில் மட்டும்தான் வந்தது.

அந்த விலைகள் எல்லாம் 2025 செப்டம்பர் 22-க்கு முந்தையவை. அதுவரை 1,500 சிசிக்கு மேற்பட்ட செடானுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 48 சதவீதம். பிறகு செஸ் போய் 40 சதவீதம் ஆனது. அடிப்படை விலை மாறாமல் இருந்தால் ஷோரூம் விலையில் 5.4 சதவீதம் குறையும், அதாவது 72.9 லட்சம் 69 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வரும். கம்பெனிகள் இடையில் விலையைத் திருத்திக்கொண்டே இருப்பதால் டீலரின் அன்றைய தாளைப் பார்க்கவும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதுவே சுமார் 14 லட்சம். இன்ஷூரன்ஸும், விற்கும்போதே டீலர் பிடிக்கும் வரியான ஒரு சதவீத டிசிஎஸ்ஸும் மேலே. டிசிஎஸ் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ரசீதை ஆடிட்டரிடம் கொடுக்க மறக்காதீர்கள்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை. பி48 எஞ்சின் 2014 முதல் பல பிஎம்டபிள்யூ, மினி கார்களில் ஓடுகிறது, அடிப்படையில் உறுதியான எஞ்சின். முந்தைய வடிவங்களில் வயதானபின் தெரிந்த பலவீனங்கள் இரண்டு: ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பக்கம் ஆயிலோ கூலண்டோ கசிவது, வால்வு கவர் கேஸ்கட் இறுகிப்போய் வியர்ப்பது. இரண்டுக்கும் காரணம் வெப்பத்தில் வெந்து இறுகும் ரப்பரும் பிளாஸ்டிக்கும். நம் ஊர் வெயிலும் டிராஃபிக்கில் ஏசி போட்டு நிற்பதும் அதைச் சீக்கிரமாக்கும். வாரண்டி முடியும் முன் ஒருமுறை அடி மூடியைக் கழற்றி இந்த இரண்டு இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக, எஞ்சினின் பின்புறம் இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டுமென்றால் பெரிய வேலை, பெரிய பில். அது நீடிப்பது சுத்தமான ஆயிலால். கம்ப்யூட்டர் சொல்லும் தேதி வரை காத்திராமல் வருடத்துக்கு ஒருமுறையோ 10,000 கிலோமீட்டருக்கோ ஆயில் மாற்றினால் கூடுதலாகச் செலவாவது ஐந்தேகால் லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்டரும்தான். டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் அளவை எஞ்சின் சூடான பிறகு, சமதளத்தில், திரையில் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்கப் போதும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஐந்து வருடத்தில் விற்றுவிடுவீர்கள் என்றால் விடுங்கள். வைத்திருப்பவர் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது ஃபில்டரோடு சேர்ந்த பிளாஸ்டிக் தொட்டியும் கூடவே மாறும்.

பெட்ரோல் விஷயத்தில், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 எரிபொருளில் எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் இ10-ஐவிட மைலேஜ் மூன்று மூன்றரை சதவீதம் குறைவது இயல்பு. கையேட்டில் எழுதிய ஆக்டேன் எண்ணுக்குக் கீழே இறங்க வேண்டாம். எஞ்சின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் தீப்பொறியைத் தாமதமாக்கி எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ளும், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 258 எச்பி அப்போது இருக்காது. மாதக்கணக்கில் நிற்கும் காராக இருந்தால் எத்தனால் கலந்த பெட்ரோலை அரை டேங்க்கில் விடாதீர்கள். நிற்கும் காருக்கு வரும் இன்னொரு தொல்லை 12 வோல்ட் பேட்டரி: சாவி பக்கத்தில் இருந்தாலே கார் விழித்துக்கொள்ளும், இரண்டு மூன்று வாரத்தில் சார்ஜ் இறங்கும். சாவியைக் காரிலிருந்து தள்ளி வையுங்கள், முடிந்தால் பேட்டரிக்கு ஏற்ற, மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் டிரிக்கிள் சார்ஜர் போடுங்கள். புது பேட்டரி மாட்டினால் அதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கணக்கிலேயே புதியதுக்கும் ஏற்றி அதன் ஆயுளைக் குறைத்துவிடும். தெருமுனை பேட்டரிக் கடையில் இந்த வேலை நடக்காது.

டயரில் காற்று எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், ஆள் குறைவுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று. பங்க்சர் கடையில் நாலுக்கும் 35 போட்டுவிடுவார்கள். பின் சீட்டில் ஆளோடு போகும் கார் என்பதால் பின் டயர் அழுத்தத்தை ஸ்டிக்கர்படி தனியாகச் சொல்லிப் போடுங்கள். டெலிவரி அன்று டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, மாட்டியிருப்பது ரன்ஃபிளாட்டா என்று பாருங்கள். ரன்ஃபிளாட் காற்றே இல்லாமல் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் போகும்; உளுந்தூர்பேட்டை தாண்டி இரவில் நின்றால் அதன் அருமை தெரியும். ஆனால் அதன் பக்கச்சுவர் விறைப்பானது, கூர்மையான பள்ளத்தில் அடி நேராக ரிம்முக்குப் போகும்.

முன் கண்ணாடி உடைந்து மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் டிரைவர் உதவிக் கேமராவைச் சரியாகக் குறிபார்த்து வைத்த (காலிபரேஷன்) பதிவைக் கேட்டு வாங்குங்கள். பம்பரில் ரேடார் இருக்கும் இடத்தில் பட்டி தடவிக் கனமாகப் பெயின்ட் அடித்தால் ரேடார் தடுமாறும், அதனால் உள்ளூர் டிங்கரிங் வேண்டாம். இன்ஷூரன்ஸில் ஜீரோ டெப்போடு (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத வசதி) எஞ்சின் பாதுகாப்பு ரைடரை, அதாவது கூடுதல் காப்பை, கட்டாயம் சேருங்கள். சென்னையில் 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பேஸ்மென்ட்டில் கார்கள் மூழ்கியபோது பலருக்கு எஞ்சின் செலவுக்குப் பணம் வராமல் போனது இந்த ரைடர் இல்லாததால்தான். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த நீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். ரைடர் இருந்தும் ‘தெரிந்தே ஸ்டார்ட் செய்தார்’ என்று கிளெய்மை மறுக்க இடம் கிடைக்கும். ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல், முடிந்தால் போட்டோ எடுத்துவிட்டு, ஃபிளாட்பெட் வண்டியை வரவழையுங்கள். பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் கியர்பாக்ஸும் போகும்.

டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுக்கே காரை வரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஷோரூம் ஆள் ஓட்ட, நீங்கள் இடப்பக்கப் பின் சீட்டில் லேப்டாப்போடு உட்காருங்கள். அம்மாவையோ மனைவியையோ பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பேஸ்மென்ட் சரிவில் இறங்கி ஏறச் சொல்லுங்கள். மறுநாள் அதே பாதையில் இ-கிளாஸ். அதன் பிறகு உங்கள் பழைய காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு முடிவெடுங்கள்.